குமாவுன் மலைகளில் பனிச்சிகரம் தெரியும் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பகுதியான குமாவுன், மலையேற்றத்துக்குப் போகாமல், இருந்த இடத்திலிருந்தே இமயத்தைப் பார்க்க விரும்புவோருக்கு மிகவும் ஏற்ற நிலம். நைனிடால், அல்மோரா, பாகேஷ்வர், பித்தோராகட் மாவட்டங்களில் 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயர்ந்த முகடுகள் பல உள்ளன. அவற்றுக்கு வடக்கே திரிசூல், நந்தா தேவி, நந்தா கோட், பஞ்சசூலி ஆகிய பனிச்சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே எந்த ஊரில், எந்த வகை விடுதியில், எந்தப் பக்கத்து அறையில் தங்குவது என்று திட்டமிடுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

எல்லா விடுதிகளும் "அறையிலிருந்தே பனிமலை தெரியும்" என்கின்றன. உண்மையிலேயே தெரியுமா என்பதை முன்கூட்டி அறிய வழி உண்டா?

உண்டு. வாடகையையோ நட்சத்திரக் குறியையோ பார்ப்பதை விட்டுவிட்டு, கட்டடம் நிற்கும் இடத்தையும் அறைச் சன்னல் நோக்கும் திசையையும் பார்த்தால் போதும். குமாவுனில் பெரும்பாலான இடங்களிலிருந்து பனிச்சிகரங்கள் வடக்கிலும் வடகிழக்கிலுமே இருக்கின்றன. ஆகவே கட்டடம் முகட்டின் உச்சியிலோ அதன் வடக்குச் சரிவிலோ இருக்க வேண்டும். அதற்கு எதிரே, அதைவிட உயரமான இன்னொரு மலை குறுக்கிடக் கூடாது. வடக்குப் பக்கத்தில் தேவதாருவோ ஓக்கோ அடர்ந்து வளர்ந்திருக்கவும் கூடாது. தெற்குச் சரிவில் இருக்கும் விடுதி எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும், அதன் அறைகளிலிருந்து பள்ளத்தாக்குதான் தெரியும். பனிமலையைப் பார்க்க மொட்டைமாடிக்கோ சாலை வளைவுக்கோ போக வேண்டியிருக்கும்.

விளம்பரப் படங்களை அப்படியே நம்ப வேண்டாம். தொலைவை இழுத்துக் காட்டும் லென்ஸில் எடுத்த படத்தில், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிகரமும் பால்கனிக்கு வெளியே நிற்பதுபோல்தான் தோன்றும். இணைய வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து, கட்டடம் முகட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது "மலை தெரியுமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் "தெரியும்" என்ற பதில்தான் வரும். எனக்குத் தரப்போகும் அறையின் எண் என்ன, அதன் சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, கட்டிலில் உட்கார்ந்தால் தெரியுமா அல்லது மாடிக்குப் போக வேண்டுமா என்று கேளுங்கள். முடிந்தால் அந்த அறையின் சன்னல் வழியாகக் கைபேசியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். மேகமூட்டமான படம் வந்தாலும் பரவாயில்லை, எதிரே என்ன மறைக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

முதல்முறை போகிறோம், நைனிடாலிலேயே தங்கிவிட்டால் போதாதா?

பனிமலைதான் நோக்கமென்றால் போதாது. நைனிடால் ஏரி சுற்றிலும் மலைகளால் சூழப்பட்ட ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஏரிக்கரை அறையிலிருந்து தெரிவது ஏரியும் எதிர்ச் சரிவும்தான். பனிச்சிகரங்களைப் பார்க்க ரோப்காரில் ஸ்னோ வியூ முனைக்கு ஏற வேண்டும், அங்கே கூட்டமும் அதிகம். படகு, கடைவீதி, மால் ரோட்டில் மாலை நடை ஆகியவற்றை விரும்பும் குடும்பத்துக்கு நைனிடால் ஓர் இரவுக்கு நல்ல ஊர். மே, ஜூன் மாதங்களின் வாரக்கடைசியில் டெல்லியிலிருந்து வரும் வண்டிகள் ஊர் எல்லையிலேயே தேங்கி நிற்பதால், அந்த நாட்களில் அந்த ஓர் இரவையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முக்தேஷ்வர், பின்சர், கௌசானி, சௌகோரி, முன்சியாரி ஆகிய ஐந்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் தொலைவை வைத்துப் பிரித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் காட்சியின் அளவையும், மூட்டம் வந்தால் அது தப்பிப் பிழைக்குமா என்பதையும் தொலைவுதான் முடிவு செய்கிறது. நேர்கோட்டில் அளந்தால் முக்தேஷ்வரிலிருந்து திரிசூலும் நந்தா தேவியும் ஏறத்தாழ 90 முதல் 105 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன; பின்சரிலிருந்து 70 முதல் 80 கிலோமீட்டர்; கௌசானியிலிருந்து திரிசூல் சுமார் 55 கிலோமீட்டர்; சௌகோரியிலிருந்து நந்தா கோட் சுமார் 50 கிலோமீட்டர்; முன்சியாரியிலிருந்து பஞ்சசூலி 25 கிலோமீட்டருக்கும் குறைவு. கையை முழுவதும் நீட்டி, விரல்களைப் படுக்கையாகப் பிடித்துச் சிகரத்தின் உயரத்தை அளந்தால், முக்தேஷ்வரில் நந்தா தேவி ஏறத்தாழ இரண்டு விரல் உயரத்துக்கு எழும். கௌசானியில் திரிசூல் மூன்று விரல். முன்சியாரியில் பஞ்சசூலி ஒரு முழுக் கைமுட்டி அளவுக்கு எழுந்து நிற்கும். இந்த வேறுபாட்டை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அதற்காக எல்லோரும் முன்சியாரிக்குப் போக வேண்டும் என்பதில்லை. முக்தேஷ்வர் சுமார் 2,200 மீட்டருக்கு மேல் உள்ள சிறிய ஊர். மலையடிவாரத்தில் உள்ள கத்கோதாம் ரயில் நிலையத்திலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். பிரிட்டிஷார் 1893-ல் தங்கள் கால்நடை நோய் ஆய்வகத்தை இங்கே மாற்றியதால் வளர்ந்த ஊர் இது. அந்த நிறுவனத்தின் வளாகத்தை ஒட்டிய காடு இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. ஆப்பிள், பீச், பிளம் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் தங்கி, காலையில் வானம் தெளிந்தால் சிகர வரிசையைப் பார்ப்பது, தெளியாவிட்டால் தோட்டத்தில் நடப்பது என்று இருப்பவர்களுக்கு இந்த ஊர் பொருந்தும். நான்கு நாள் மட்டுமே விடுப்பு என்றால் இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

பின்சர் ஓர் ஊரே அன்று. 1988-ல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் அது; ஓக் மரங்களும், சிவப்புப் பூ பூக்கும் புராஞ்ஷ் மரங்களும் மண்டிய அந்தக் காட்டின் உச்சியில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் ஜீரோ பாயிண்ட் என்ற பார்வை முனை இருக்கிறது. சரணாலயத்தின் உள்ளே விடுதிகள் மிகக் குறைவு. கடை இல்லை, வாயிலில் நுழைவுக் கட்டணம் உண்டு, சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் இருட்டிய பிறகு வெளியே நடக்கவும் கூடாது. மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்று கேட்பவர்கள் பின்சருக்கு வெளியே, அல்மோராவை ஒட்டிய கசார் தேவி முகட்டில் தங்கலாம். 1890-ல் விவேகானந்தர் தியானம் செய்த குன்று அது. இன்று சிறிய உணவகங்களும் எல்லா விலையிலும் அறைகளும் அங்கே உள்ளன.

கௌசானி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகிய முகட்டின் மீது நீளமாக அமைந்த ஊர். 1929-ல் காந்தி இங்கே ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கி, கீதைக்கான தம் உரையின் முன்னுரையை எழுதினார். அவர் தங்கிய வீடு இன்று அனாசக்தி ஆசிரமம். அங்கே எளிய அறைகளில் தங்கவும் இடம் தருகிறார்கள், அதன் முற்றம்தான் ஊரிலேயே சிறந்த பார்வை முனை. இந்த ஐந்தில் பணத்துக்கு மிகுந்த காட்சியைத் தருவது கௌசானி என்பது என் கணிப்பு, ஏனென்றால் நடுத்தர வாடகை விடுதிகள்கூட முகட்டின் மேலேயே அமைந்திருக்கின்றன. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள் நெருக்கமாகிவிட்டதால், முன்னால் நிற்கும் விடுதியின் கூரை பின்னால் உள்ளதன் கீழ்த்தள அறைகளை மறைக்கிறது. மேல்தளம் கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொண்டு முன்பணம் கட்டுங்கள்.

சௌகோரி பழைய தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய அமைதியான இடம். முன்சியாரிக்குப் போகும் வழியில் இடைத்தங்கலாக மிகப் பொருத்தமானது.

முன்சியாரிக்குக் கத்கோதாமிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், முழுவதும் மலைச்சாலை. ஒரே நாளில் போக முயன்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டியிருக்கும். பிர்தி அருவியைத் தாண்டி, காளாமுனி கணவாயின் உச்சிக்கு ஏறி இறங்கும்போது கோரி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அப்பால் பஞ்சசூலியின் ஐந்து சிகரங்களும் எதிரே நிற்கும். அவற்றில் உயர்ந்தது 6,904 மீட்டர். இங்கே சிகரங்கள் வடகிழக்கில் இருப்பதால் காலையில் வெயில் அவற்றின் பின்னாலிருந்து வரும், சிகரங்கள் நிழலுருவாகவே தெரியும். மேற்கிலிருந்து மாலை வெயில் விழும்போதுதான் ஐந்தும் செந்நிறமாகும். முன்சியாரியில் அறை கேட்கும்போது வடகிழக்குச் சன்னலைக் கேளுங்கள், மாலை நான்கு மணிக்கு மேல் எங்கும் போகாமல் அறையிலேயே இருங்கள்.

எந்த மாதத்தில் போனால் வானம் தெளிவாக இருக்கும்?

அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. மழை காற்றில் உள்ள தூசியைக் கழுவிவிட்டுப் போன பிறகு வரும் இந்த இரண்டு மாதங்களில், விடியற்காலை முதல் பகல் முழுவதும்கூடச் சிகரங்கள் தெரியும் நாட்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பனி பொழிந்து ஓய்ந்த மறுநாள் கிடைக்கும் தெளிவு அதைவிடச் சிறந்தது, ஆனால் முன்சியாரிப் பாதை அடைபடலாம், பின்சரில் குளிர் எலும்பைத் தொடும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை புராஞ்ஷ் பூக்கும் காலம். நீலகிரியின் சோலைகளில் காட்டுப்பூவரசைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு பழக்கமானதாக இருக்கும்.

தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்கள்தான் பலருக்கும் வாய்ப்பவை. அவைதாம் காட்சிக்கு மோசமானவை. சமவெளியின் தூசியும், சீர் பைன் காடுகளில் பற்றும் தீயின் புகையும் சேர்ந்து வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் பரவிய தீயை அணைக்கச் சென்ற வனப்பணியாளர்கள் உயிரிழந்தார்கள் என்பதிலிருந்து அந்தத் தீயின் கடுமையை உணரலாம். மே மாதத்தில்தான் போக முடியுமென்றால் தொலைவு குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: 100 கிலோமீட்டர் புகைமூட்டத்தைத் துளைக்க முடியாத கண், 25 கிலோமீட்டரைத் துளைக்கும் வாய்ப்பு அதிகம். கோடை இடிமழை பெய்த மறுநாள் காலையை எந்தக் காரணத்தாலும் தூங்கிக் கழிக்காதீர்கள்.

முன்சியாரியின் மாலைக் காட்சி நீங்கலாக, எந்த மாதமானாலும் காலை ஒன்பது, பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது பொது விதி. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து சிகரங்களின் மேல் மேகமாகத் திரள்வதே இதற்குக் காரணம்.

மழைக்காலத்தில் வாடகை பாதியாகிறதே, அப்போது போகலாமா?

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பனிமலையைப் பார்க்கும் நோக்கத்தோடு போக வேண்டாம். சிகரங்கள் நாட்கணக்கில் தெரியாமல் போவது ஒருபுறம், நிலச்சரிவில் சாலைகள் மூடப்படுவது மறுபுறம். அக்டோபரிலும் வானிலை எச்சரிக்கையைப் பார்த்தே கிளம்ப வேண்டும்: 2021 அக்டோபர் 18-19-ல் முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1897-லிருந்து பதிவு வைத்திருக்கும் அந்த வானிலை நிலையம் அதற்குமுன் அப்படியொரு மழையைக் கண்டதில்லை. விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது செங்குத்தான சரிவில் உயரமான கான்கிரீட் தூண்களின் மேல் பல மாடிகளாக எழுப்பப்பட்டதையும், ஓடையின் கரையை ஒட்டிக் கட்டப்பட்டதையும் மழைக்காலத்தில் மட்டுமன்றி எப்போதுமே தவிர்ப்பது நல்லது.

பனிமலை தெரியும் அறை அதிகம் குளிருமா?

ஆம், காரணம் எளிது. பனிமலை வடக்கே இருப்பதால் அதைக் காட்டும் சன்னலும் வடக்கு நோக்கியே இருக்கும். வடக்கு நோக்கிய சன்னலுக்குக் குளிர்காலத்தில் வெயிலே வராது. சன்னல் பெரிதாக ஆக அறை மேலும் குளிரும். விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும் தரையிலிருந்து கூரைவரையான கண்ணாடிச் சுவர், டிசம்பர் இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் அதனால்தான். வடக்கில் சன்னலும் தெற்கில் வெயில் விழும் முற்றமோ திண்ணையோ உள்ள வீடு கிடைத்தால் வேறு வசதிகளைப் பற்றி அதிகம் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். முகட்டின் முனையில் நிற்கும் பழைய பங்களாக்கள் பலவற்றின் அமைப்பு இத்தகையது.

ஹீட்டருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும், மின்சாரம் போனால் அது ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரஜாய் என்னும் கனத்த பஞ்சுப் போர்வை எல்லா இடத்திலும் தருவார்கள். கரி போட்டு எரிக்கும் அங்கீட்டியை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடித்துவிடும்.

தண்ணீர், மின்சாரம், கைபேசி இணைப்பு எப்படி?

நல்ல காட்சியும் நல்ல தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. ஊற்றுகள் சரிவின் கீழே இருக்கின்றன, விடுதிகளோ முகட்டின் மேலே. அதனால் கோடையில் பல விடுதிகளுக்கு லாரியிலோ சிறிய வண்டிகளிலோ தண்ணீர் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஊர்ப் பெண்கள் அதே ஊற்றில் குடத்தோடு காத்திருப்பதையும் பார்க்கலாம். நீச்சல் குளமும் குளியல் தொட்டியும் வைத்திருக்கும் முகட்டு விடுதிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. சூரியவெப்பக் கீசர் உள்ள வீடுகளில் வெந்நீர் மாலையில்தான் நன்றாக வரும், காலைக் குளியலுக்கு வாளியில் வெந்நீர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பின்சர் சரணாலயத்துக்குள் சூரிய மின்சாரத்தையும் ஜெனரேட்டரையுமே நம்பியிருக்கிறார்கள், ஆகவே கைபேசியையும் கேமராவையும் அல்மோராவிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு போங்கள்.

அரசு விடுதி, ரிசார்ட், ஹோம்ஸ்டே: எது நல்லது?

குமாவுன் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் நடத்தும் விடுதிகள் கௌசானி, பின்சர், சௌகோரி, முன்சியாரி போன்ற ஊர்களில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டவை. அறையில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், ஆனால் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பல மடங்கு வாடகை வாங்கும் ரிசார்ட்டுக்கும் கிடைக்காத காட்சி கிடைக்கும். இணையத்தில் முன்பதிவு செய்யலாம்.

ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டியவை இன்று இரண்டு வகை. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்து, தாம் சமைப்பதையே உங்களுக்கும் பரிமாறும் உண்மையான வீடு ஒரு வகை. வெளியூர்க்காரர் வாங்கிக் கட்டி, ஒரு காவலாளியை மட்டும் வைத்திருக்கும் வீடு மற்றொரு வகை. முதல் வகைக்கு முன்சியாரியை ஒட்டிய சர்மோலி சிறந்த எடுத்துக்காட்டு. ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அந்த ஹோம்ஸ்டேக்களுக்காகவே பெயர்பெற்ற சர்மோலி, 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தால் சிறந்த சுற்றுலாக் கிராமமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1962 போருக்கு முன்புவரை திபெத்துடன் வணிகம் செய்த ஜோகார் பள்ளத்தாக்கு மக்களின் வழிவந்தவர்கள் இப்பகுதியில் வாழ்கிறார்கள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அந்தக் கதைகளைக் கேட்கும் வாய்ப்பை எந்த ரிசார்ட்டும் தராது. ஆனால் இத்தகைய வீடுகளில் கழிவறை சில சமயம் அறைக்கு வெளியே இருக்கும். அது ஒத்துவராதவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது இரு தரப்புக்கும் மரியாதை.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகியவர்கள் சமாளிக்க முடியுமா?

எளிதாக. குமாவுனியர் சோறு உண்பவர்கள். அவர்களுடைய கஹத் பருப்பு நம் கொள்ளு, மண்டுவா ரொட்டி நம் கேழ்வரகு, ஜங்கோரா பாயசம் நம் குதிரைவாலி. கறுப்பு சோயாவில் செய்யும் பட் கீ சுட்கானியைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால் ரசம் நினைவுக்கு வராது. விடுதிகள் தாமாக இவற்றைச் செய்யமாட்டா, பனீர்க் குழம்புதான் வரும். முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.

வயதான பெற்றோரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துப் போகிறோம். உயரம் ஒத்துக்கொள்ளுமா?

மேலே சொன்ன ஊர்கள் அனைத்தும் 2,500 மீட்டருக்குக் கீழே இருப்பதால், 3,500 மீட்டரில் உள்ள லே நகரில் பலருக்கும் வரும் உயரநோய் இங்கே பெரும்பாலும் வருவதில்லை. இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும். உண்மையான தொல்லை படிகளால்தான் வரும். சரிவில் கட்டிய விடுதிகளில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எண்பது, நூறு படி இருப்பது சாதாரணம். சில இடங்களில் உணவுக்கூடம் இன்னும் ஐம்பது படி மேலே இருக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு நாளுக்கு மூன்று வேளை அந்தப் படிகளை ஏறி இறங்குவது தண்டனையாகிவிடும். வண்டி வாசல்வரை வருமா என்பதே பெற்றோரோடு போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெரிய மருத்துவ வசதிகள் ஹல்த்வானியிலும் அல்மோராவிலும்தான் உள்ளன, அதனால் தொடர் சிகிச்சையில் இருப்பவர்களோடு முன்சியாரி வரை போக வேண்டாம்.

குழந்தைகளுக்கு வளைவுச் சாலையில் வாந்தி வருவது சகஜம். காலையில் வயிறு முட்டக் கொடுக்காமல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நடக்கவிட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

எட்டு நாள் விடுப்பில் எத்தனை ஊர்களில் தங்கலாம்?

இரண்டு, மிஞ்சினால் மூன்று. மலைச்சாலையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது என்பதால், தினம் ஓர் ஊர் என்று திட்டம் போடும் பயண நிறுவனங்களின் பட்டியலில், சிகரங்கள் தெளிவாகத் தெரியும் காலை நேரங்களையெல்லாம் நீங்கள் பெட்டி கட்டுவதிலும் வண்டியிலும் கழித்துவிடுவீர்கள். ஓர் இடத்தில் ஓர் இரவு மட்டும் தங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலை, அன்று மேகமாக இருந்தால் எல்லாம் போயிற்று. மூன்று இரவு தங்கினால் மூன்று காலைகள். எட்டு நாளில் முக்தேஷ்வரில் இரண்டு இரவு, கௌசானியில் மூன்று இரவு என்பது ஒரு நல்ல திட்டம். கௌசானியிலிருந்து கத்யூரி அரசர்கள் காலத்து பைஜ்நாத் கோயில்களுக்கு அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்தான். முன்சியாரிக்குப் போகிறவர்கள், போகும்போதும் வரும்போதும் வழியில் ஓர் இரவு தங்கி, முன்சியாரிக்கு மூன்று இரவாவது ஒதுக்க வேண்டும்.

போய்வரும் வழியில் எங்கே தங்குவது?

டெல்லியிலிருந்து இரவில் புறப்படும் ராணிகேத் எக்ஸ்பிரஸில் ஏறினால் அதிகாலையில் கத்கோதாம் வந்துவிடும். அன்று பகலிலேயே மலை ஏறிவிடலாம், போகும்போது இடையில் தங்க வேண்டியதில்லை. காலையில் புறப்படும் சதாப்தியில் வந்தால் நண்பகலாகிவிடும், அன்று முக்தேஷ்வரைத் தாண்டிப் போக வேண்டாம். இருட்டிய பிறகு மலைச்சாலையில் பயணம் கூடாது என்பதை உள்ளூர் ஓட்டுநர்களே வற்புறுத்துவார்கள். திரும்பும்போது கடைசி இரவைக் கத்கோதாமிலிருந்து ஒரு மணி நேரத்தில் உள்ள பீம்தாலில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பனிமலை தெரியாது. ஆனால் மேலே எங்காவது சாலை அடைபட்டு அரைநாள் வீணானாலும் ரயில் தவறாது, நைனிடாலின் நெரிசல் இல்லாமல் ஒரு பெரிய ஏரிக்கரையில் மாலையைக் கழிக்கவும் முடியும்.